கணவாய் தாண்டிப் பாருங்கள்: கேப் ஒயின் நாட்டைச் சுற்ற ஒரு வழி

டர்பனிலிருந்தோ சென்னையிலிருந்தோ தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்கு வருகிற சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் வந்து இறங்குகிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஒயின் பண்ணைகளின் பெயர், எல்லாவற்றையும் இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். அந்தப் பட்டியலை வாங்கி மடித்து வைத்துவிட்டு நான் ஒரு வரைபடத்தை விரிப்பேன். முதலில் மலைகளைப் பாருங்கள், அப்புறம் கணவாய்களைப் பாருங்கள், பண்ணையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். இங்கே எந்தப் பண்ணைக்குப் போகிறீர்கள் என்பதைவிட மலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதுதான் கண்ணாடிக் கோப்பையில் என்ன வரும் என்பதை முடிவு செய்கிறது.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். அப்பாவுக்குக் கொஞ்சம் பன்னீர் திராட்சைத் தோட்டம். எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஜூன், ஜூலையில் மலை ஏறிக் குமுளிக்குப் போனால் குடை இல்லாமல் நிற்க முடியாது, இறங்கி வந்தால் கம்பத்தில் தூறல்கூட இருக்காது, காற்று மட்டும் ஆளைத் தள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு வேறு வானம். கேப் பகுதியும் அப்படித்தான், ஆனால் இங்கே ஒரு மலைத்தொடர் அல்ல, ஒன்றன் பின் ஒன்றாகப் பல. போதாததற்கு அண்டார்டிகா பக்கத்திலிருந்து குளிர்ந்து வரும் பெங்குவேலா நீரோட்டம் அட்லாண்டிக் கரையை ஒட்டி ஓடுகிறது. கடலுக்குப் பக்கத்தில் குளிர்ச்சி, முதல் மலைக்குப் பின்னால் மிதமான வெயில், இரண்டாவது மலைக்குப் பின்னால் வறட்சி. இந்த மூன்றையும் ஒரு தடவையாவது கடந்து பார்த்தால்தான் இந்த ஊரைப் பார்த்ததாக அர்த்தம். ஒரே பள்ளத்தாக்கில் ஆறு பண்ணைகளைப் பார்ப்பதைவிட மூன்று கணவாய் தாண்டி மூன்று பண்ணைகளைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

எப்போது வருவது

இங்கே மழை குளிர்காலத்தில்தான், மே முதல் ஆகஸ்ட் வரை, வடமேற்கிலிருந்து வரும். கோடையில் கிட்டத்தட்ட மழையே இல்லை, தென்கிழக்குக் காற்று மட்டும் வீசும். அதற்கு இங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேப் டாக்டர்'. ஊரின் அழுக்குக் காற்றை அடித்துக்கொண்டு போவதால் வந்த பெயர். திராட்சைக்கும் அது மருத்துவர்தான், இலையில் ஈரம் தங்கவிடாது, பூஞ்சை நோய் குறையும். செவட்டை என்ற பூஞ்சை நோய்க்கு மருந்து அடித்தே சம்பாத்தியத்தில் பாதியைக் கரைத்தவர் என் அப்பா, இந்தக் காற்றைப் பற்றிச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த பொறாமையை இன்றும் மறக்கவில்லை.

அறுவடை ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி, மார்ச்சில் உச்சத்துக்குப் போகும். கொடியில் பழம் பார்க்க வேண்டும், ஆலைக்குள் பழம் நசுங்கும் வாசனை வர வேண்டும் என்றால் அப்போது வாருங்கள். வெயில் கடுமையாக இருக்கும், பண்ணைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்காது, அது ஒரு குறைதான். எனக்குப் பிடித்தது ஏப்ரல் கடைசியும் மே தொடக்கமும். இலைகள் மஞ்சளும் சிவப்பும் ஆகி மலைச்சரிவு முழுக்க நிறம் மாறியிருக்கும், காற்று அடங்கியிருக்கும், கூட்டமும் இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் துளிர் விடும், காட்டுப்பூ பூக்கும், ஹெர்மானஸ் கரையில் திமிங்கிலம் வரும்.

ஜூலையில் அப்பா வந்திருந்தார். தோட்டத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். "எல்லாம் பட்டுப் போச்சேப்பா" என்றார். எங்கள் ஊரில் கொடி எப்போதும் பச்சையாகவே இருக்கும், நாம் கவாத்து செய்து செய்து வருடத்துக்கு இரண்டு மூன்று அறுவடை எடுப்போம். இங்கே கொடி தூங்கும், வருடத்துக்கு ஒரே அறுவடை. அன்றைக்கு அங்கே கவாத்து செய்துகொண்டிருந்தவர்கள் பக்கத்தில் போய் நின்று, எத்தனை கண் விட்டு வெட்டுகிறார்கள் என்று அவர் குனிந்து எண்ணினார். மொழி தெரியாது, கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி ஒரு கொடியை வெட்டிக் காட்டினார், அவர்களும் சிரித்துத் தலையாட்டினார்கள். ஆக, குளிர்காலத்தில் வந்தாலும் வீண் இல்லை. அறைகளில் கணப்பு எரியும், விடுதி வாடகையும் குறைவு, தூரத்து மலைகளில் பனிகூடப் படிந்திருக்கும். மழைக்கோட்டு மட்டும் மறக்காதீர்கள். எந்த மாதம் வந்தாலும் ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும், ஜனவரியில்கூடக் கடலோரத்தில் சாயங்காலம் தேவைப்படும்.

முதல் நாள்: கடல் பக்கம்

நகரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் கான்ஸ்டான்ஷியா. டேபிள் மலையின் முதுகுப் பக்கச் சரிவு, எதிரே ஃபால்ஸ் பே விரிகுடா. மழை ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிற ஈரமான மூலை இது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள் யான் வான் ரீபெக் 1655-ல் கேப்பில் திராட்சை நட்டு, 1659 பிப்ரவரி 2 அன்று முதல் ஒயின் பிழிந்ததாக நாட்குறிப்பில் எழுதினார், ஆனால் பேர் சொல்லும் ஒயின் வந்தது 1685-ல் சைமன் வான் டெர் ஸ்டெல் இந்தக் கான்ஸ்டான்ஷியாவை அமைத்த பிறகுதான். இங்கே செய்த இனிப்பு ஒயின் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போனது, செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் போனது. இடையில் நின்றுபோயிருந்த அந்த ஒயினை 1980-களில் க்ளைன் கான்ஸ்டான்ஷியாவில் மறுபடி செய்யத் தொடங்கினார்கள். விலை அதிகம், ஆனால் ஒரு மடக்காவது சுவைத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அது மஸ்கட் என்ற வாசனைத் திராட்சையில் செய்வது. எங்கள் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா, அதைத்தான் இங்கே 'ஹானபூட்' என்று பிப்ரவரி, மார்ச்சில் சாலையோரத்தில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். அந்த ஹானபூட்டின் பெற்றோரில் ஒன்றுதான் கான்ஸ்டான்ஷியாவின் சிறுமணி மஸ்கட். பேரன் கம்பத்தில், பாட்டன் கேப்பில். மூக்கை வைத்து முகர்ந்தால் உங்களுக்கே தெரியும், எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடையைத் திறந்தால் வருகிற அதே பன்னீர் வாசனை.

இதையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தோட்டங்களை வெட்டித் திருத்தி நட்டவர்கள் அடிமைகள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகளிலிருந்து மட்டுமல்ல, வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் டச்சுக் கம்பெனி ஆட்களைக் கொண்டுவந்து விற்றது. பழைய பதிவேடுகளில் அவர்களுக்குச் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை, வாங்கியவன் வைத்த பெயரும் 'கொரமாண்டலிலிருந்து' என்ற ஒட்டும்தான். டர்பன் தமிழர்கள் தங்கள் கதையை 1860 நவம்பர் 16-ல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து வந்ததிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே நம் கரைக்காரர்கள் இந்த மண்ணில் கூன் விழ உழைத்திருக்கிறார்கள். ஆகவே பண்ணைக்குப் போவதற்கு முன்னால், காலையில் நகரத்தில் இருக்கும் 'ஸ்லேவ் லாட்ஜ்' அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு க்ரூட் கான்ஸ்டான்ஷியாவின் பழைய வீட்டைப் பாருங்கள், அந்த வெள்ளைச் சுவரும் வளைந்த முகப்பும் வேறு மாதிரித் தெரியும்.

இரண்டாம் நாள்: முதல் மலையின் மடியில்

ஸ்டெல்லன்போஷ், ஃப்ரான்ஷூக், பார்ல். எல்லாரும் போகும் முக்கோணம் இது. கேப்டவுனிலிருந்து ஸ்டெல்லன்போஷ் 50 கிலோமீட்டர்தான். 1679-ல் உருவான ஊர், ஓக் மரங்கள், பல்கலைக்கழகம். நாட்டின் முதல் ஒயின் ரூட், அதாவது பண்ணைகளை இணைக்கும் சுற்றுலாப் பாதை, இங்கேதான் 1971-ல் தொடங்கியது. பினோடாஜ் என்ற தென்னாப்பிரிக்காவின் சொந்த ரகத்தை ஏப்ரஹாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் 1925-ல் இங்கேதான் ஒட்டுச் சேர்க்கையில் உருவாக்கினார், பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு சிவப்பு ரகங்கள் சேர்ந்தது. ஷாம்பெயின் முறையில் நுரை ஒயினை இந்த நாட்டில் முதலில் செய்தது இங்கிருக்கும் சிமான்சிக் பண்ணை, அதுவும் 1971-ல்தான். சனிக்கிழமை மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள், கேப்டவுனே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.

ஸ்டெல்லன்போஷிலிருந்து ஃப்ரான்ஷூக் போக ஹெல்ஸ்ஹூக்ட்டே கணவாய் வழியைப் பிடியுங்கள். ஏறி உச்சிக்குப் போய் இறங்கும்போது எதிரே சிமான்ஸ்பெர்க்கும் ட்ராகன்ஸ்டைன் மலையும் சுவர் மாதிரி நிற்கும். ஓட்டுகிறவர் தவிர மற்றவர்கள் போனை வைத்துவிட்டு வெளியே பாருங்கள். இறக்கத்தில் ப்னியேல் என்ற சின்ன ஊர் வரும், விடுதலையான அடிமைகளுக்காக 1843-ல் மிஷனாக அமைந்த ஊர். அங்கே மெதுவாகப் போங்கள், ஒரு தேநீராவது குடியுங்கள், சுற்றுலா வண்டிகள் எல்லாம் அதைத் தாண்டித்தான் பறக்கின்றன.

குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் குடும்பம் என்றால் ஃப்ரான்ஷூக்கில் ஒயின் ட்ராம் எடுங்கள். வண்ணம் வண்ணமாகப் பல வழித்தடங்கள், பண்ணையில் இறங்கி, அடுத்த ட்ராமோ பஸ்ஸோ வரும்போது ஏறிக்கொள்ளலாம். யாரும் வண்டி ஓட்ட வேண்டாம் என்பதுதான் பெரிய நிம்மதி. வார இறுதிகளில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. 1688 வாக்கில் பிரான்சிலிருந்து மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்த ஹ்யூகனாட்டுகள் குடியேறிய பள்ளத்தாக்கு இது, அதனால்தான் பண்ணைப் பெயர்களில் பாதி பிரெஞ்சு.

ஃப்ரான்ஷூக்கிலிருந்து பார்ல் போகும் சாலையில், 1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா நடந்து வெளியே வந்த சிறையின் வாசலில் அவர் சிலை இருக்கிறது. இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். பார்ல் ஊருக்கு மேலே கருங்கல் பாறை மழையில் நனைந்தால் முத்துப் போல மின்னும், ஊர்ப்பெயரே அதுதான். அந்த மலைச்சரிவில் ஆஃப்ரிகான்ஸ் மொழிக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள், 1975-ல் திறந்தது. மொழிக்காகச் சிலை எழுப்புவதும் அதே மொழி இன்னொருவர் வாயில் திணிக்கப்படுவதும் என்ன என்று தமிழர்களுக்குத் தெரியும். அது திறந்த மறு வருடம்தான், பள்ளியில் ஆஃப்ரிகான்ஸைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவின் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். மேலே ஏறி நின்றால் மொத்தப் பள்ளத்தாக்கும் தெரியும், எந்தச் சரிவில் வெயில் விழுகிறது, எங்கே நிழல் தங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: மலைக்குப் பின்னால்

நேரம் குறைவு என்று மூன்றாம் நாளை வெட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். வெட்டாதீர்கள். இரண்டாம் நாளை வேண்டுமானால் வெட்டுங்கள்.

என்1 நெடுஞ்சாலையில் பார்ல் தாண்டியதும் ஹ்யூகனாட் சுரங்கம் வரும், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், 1988-ல் திறந்தது, சுங்கம் கட்ட வேண்டும். போகும்போது சுரங்கத்தில் போகாமல் மேலே டு டாய்ட்ஸ்க்ளூஃப் கணவாய் வழியாக ஏறிப் போங்கள், திரும்பும்போது அசதிக்குச் சுரங்கம். கணவாயில் போனால்தான் மாற்றம் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியும். இந்தப் பக்கம் மேகம் மலையில் முட்டிக்கொண்டு நிற்கும், அந்தப் பக்கம் இறங்கினால் வானம் வெளுத்துக் கிடக்கும், புல் காய்ந்திருக்கும், காற்றில் சூடு ஏறும். அப்பா அன்றைக்குச் சொன்னது ஒரே வார்த்தை: "குமுளி."

வூஸ்டர் தாண்டி ராபர்ட்சன். கேப்டவுனிலிருந்து 160 கிலோமீட்டர். ஆண்டு மழை 400 மில்லிமீட்டரைத் தொடாது, ப்ரீடே ஆற்றுத் தண்ணீரும் சொட்டு நீரும்தான் தோட்டங்களைக் காப்பாற்றுகின்றன. ஆனால் மதியத்துக்கு மேல் ஆற்றின் வழியாகக் கடல் காற்று உள்ளே ஏறி வரும், ராத்திரி குளிர்ந்துவிடும், மண்ணில் சுண்ணாம்பு வேறு. அதனால்தான் இவ்வளவு வெயிலிலும் ஷார்டனே என்ற வெள்ளை ரகம் நன்றாக விளைகிறது. இங்கே பண்ணைகள் பெரும்பாலும் குடும்பங்கள் நடத்துவது, கூட்டம் இல்லை, ஊற்றிக் கொடுப்பவரே சில சமயம் ஒயின் செய்தவராகவும் இருப்பார். மண்ணைப் பற்றிக் கேளுங்கள், தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சில பண்ணைகள் மூடியிருக்கும், கிளம்பும் முன் போன் செய்துவிடுங்கள்.

ராத்திரி திரும்ப வேண்டாம். ஆஷ்டன் தாண்டி காக்மன்ஸ்க்ளூஃப் பாறை வாசலுக்குள் புகுந்து மொன்டேகுவில் தங்குங்கள். மடிந்து மடிந்து நெளிந்த சிவப்புப் பாறைகள், அந்த வளைவில் சாயங்கால வெயில் விழும்போது பார்க்க வேண்டும். இன்னும் ஒரு நாள் இருந்தால் அங்கிருந்தே ரூட் 62-ல் கிழக்கே போகலாம்: பாரிடேல், லேடிஸ்மித், கலிட்ஸ்டார்ப். கலிட்ஸ்டார்ப் கரூ என்ற வறண்ட உள்நாட்டு நிலம், மழை 200 மில்லிமீட்டர் அளவுதான், போர்ச்சுகல் ரகங்களை நட்டு போர்ட் மாதிரி இனிப்பு ஒயின் செய்கிறார்கள். அடுத்தது நெருப்புக்கோழி ஊரான ஊட்ஸ்ஹூர்ன்.

திராட்சை விவசாயம் தெரிந்த குடும்பம் என்றால் வூஸ்டரிலிருந்து என்1-லேயே நேராக ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் போய்ப் பாருங்கள். அது ஒயினுக்கு அல்ல, சாப்பிடும் திராட்சைக்கு. நம் ஊர் மாதிரி மலைகள் இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் கண்ணுக்கெட்டிய வரை கொடி. அங்கே உள்ள டி டோர்ன்ஸ் ஊரில்தான் 2012-ல் பண்ணைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 69 ரேண்ட். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு 2013 மார்ச்சிலிருந்து 105 ஆனது. கேப்பில் ரொம்ப காலம் கூலியின் ஒரு பகுதியை மட்ட ரக ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள், 'டாப்' முறை என்று பெயர். சட்டம் தடுத்த பிறகும் பல இடங்களில் தொடர்ந்தது. தலைமுறைகளாக அது செய்த கேடு இன்றும் அந்த ஊர்க் குழந்தைகளின் உடம்பில் இருக்கிறது. என் டர்பன் நண்பரின் ஆயா, கரும்புத் தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்தவர், எங்களோடு வந்தபோது எந்தப் பண்ணையிலும் ஒயினைத் தொடவில்லை. "யார் பறிக்கிறது? எங்க குடியிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். நல்ல பண்ணைகள் கூச்சப்படாமல் பதில் சொல்கின்றன, தொழிலாளர்களுக்குப் பங்கு கொடுத்திருக்கும் பண்ணைகளும் இருக்கின்றன. அங்கே பணத்தைச் செலவழியுங்கள்.

நாள் மீதம் இருந்தால்

தெற்கே என்2-ல் சர் லோரிஸ் கணவாய் ஏறினால் எல்கின். மேட்டு நிலம், ஆப்பிள் தோட்டம், மேகம். ராபர்ட்சனில் வியர்த்த மறுநாள் இங்கே போனால் நடுங்குவீர்கள். இன்னும் போனால் ஹெர்மானஸுக்குப் பின்னால் 'ஹேமல் என் ஆர்டே' பள்ளத்தாக்கு. வானமும் பூமியும் என்று பொருள். கடல் காற்று நேராக உள்ளே வரும் இடம், குளிர் பிடிக்கும் பினோ நுவாருக்குப் பேர் போனது. 1975-ல் டிம் ஹாமில்டன் ரஸ்ஸல் இங்கே நிலம் வாங்கித் தொடங்கினார். ஜூன் முதல் நவம்பர் வரை என்றால் காலையில் கரையில் நின்று திமிங்கிலம், மதியம் பள்ளத்தாக்கு. படகுகூட வேண்டாம், பாறையில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

வடக்கே ஸ்வார்ட்லாண்ட். கறுப்பு நிலம் என்று பொருள், ஆனால் நம் கரிசல் போல மண்ணால் வந்த பெயர் இல்லை, மழைக்குப் பின் கறுத்துத் தெரியும் ஒரு புதரால் வந்தது. கோதுமை வயல்களுக்கு நடுவே பந்தலும் கம்பியும் இல்லாமல், முழங்கால் உயரத்தில் தனித்தனிப் புதராக நிற்கும் கொடிகள், பல இடங்களில் பாசனமே கிடையாது, மானாவாரி. ஷெனின் ப்ளாங்க் என்ற வெள்ளை ரகம் இங்கே அருமை. பாட்டிலில் பழங்கொடி முத்திரையும் நட்ட வருடமும் இருந்தால் அது 35 வயதுக்கு மேற்பட்ட கொடியில் வந்தது. இந்த நாட்டில் என்னை ஒரே ஒரு பாட்டில் வாங்கச் சொன்னால் இதைத்தான் வாங்குவேன்.

பண்ணைக்குள் போன பிறகு

ஒரு நாளைக்கு இரண்டு பண்ணை, மிஞ்சினால் மூன்று. வந்த புதிதில் சித்தப்பா குடும்பத்தை ஒரே நாளில் ஐந்து பண்ணைகளுக்குக் கூட்டிப் போனேன். நான்காவதில் யாருக்கும் நாக்கில் ருசி தெரியவில்லை, குழந்தைகள் வெயிலில் அழுதார்கள், ஐந்தாவது இடத்தில் நேரம் தவறியதால் முன்பதிவு போய்விட்டது. சித்தி இன்னும் அந்த நாளைச் சொல்லிக் காட்டுவார்.

டேஸ்டிங் என்றால் ஐந்தாறு ஒயின், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மடக்கு. ஆளுக்குக் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துவிடுவார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நுரை, வெள்ளை, சிவப்பு, கடைசியில் இனிப்பு என்பது வரிசை. மேசையில் ஒரு வாளி இருக்கும், துப்புவதற்குத்தான். மரியாதைக் குறைவு இல்லை, தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் துப்புவார்கள். மல்லிகைப்பூவும் அத்தரும் அன்றைக்கு வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்கும் ஒயின் வாசனை தெரியாது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம்.

குடிக்காதவர்கள் நம் குடும்பங்களில் பாதிப் பேர். அவர்களை வண்டியில் உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். பல பண்ணைகளில் அதே ரகத் திராட்சையின் சாறு, சீஸ், சாக்லேட், தோட்டம் என்று இருக்கிறது. பார்ல் பக்கம் ஃபேர்வியூ பண்ணையில் ஆடுகள் சுற்றுப்படி ஏறும் கோபுரத்தைக் குழந்தைகள் விடவே மாட்டார்கள். ஒயின் தர வயது 18 நிறைந்திருக்க வேண்டும். சைவம் என்றால், மீனும் முட்டையும் வேண்டாமா என்பதையும் சேர்த்துத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனிலிருந்து எடுத்த பொருளோ சில இடங்களில் சேர்ப்பது உண்டு, கடுமையான சைவம் என்றால் வீகன் ஒயின் கேளுங்கள்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். நாங்கள் காலையில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். வெளிச் சாப்பாட்டைச் சில பண்ணைகள் உள்ளே விடாது, ஆகவே கட்டுச்சாதம் என்றால் வழியில் கணவாய் உச்சியில் நிறுத்திச் சாப்பிடலாம். நம் சமையலுக்கு ஒயின் வாங்குகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன்: காரக் குழம்போடு கனமான சிவப்பு ஒயின் சேராது, காரம் இன்னும் எரியும், துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். லேசான இனிப்புள்ள ஷெனின் அல்லது வாசனையான மஸ்கட் எடுங்கள். கேப்டவுனில் ரைலண்ட்ஸ், கேட்ஸ்வில் பக்கம் இந்தியர் கடைகளில் மசாலா எல்லாம் கிடைக்கும், வீட்டில் மீன் குழம்பு வைத்துப் பாருங்கள்.

வண்டி விஷயத்தில் நான் கறார். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 0.05 கிராம் என்பது சட்ட வரம்பு, இரண்டு டேஸ்டிங்கில் சுலபமாகத் தாண்டிவிடும். ஓட்டுகிறவர் சொட்டுக்கூடத் தொடக்கூடாது, இல்லையென்றால் வண்டியோடு ஓட்டுநரைப் பிடியுங்கள். வாடகைக் கார் ஆப்கள் ஸ்டெல்லன்போஷ் ஊருக்குள் வரும், பண்ணைச் சாலைகளில் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்ப வண்டி கிடைக்கும் என்று நம்பாதீர்கள். நம் ஊர் போலவே இடது பக்கம் ஓட்டுவது, அது சுலபம். இருட்டிய பிறகு விமான நிலையத்துப் பக்கம் என்2-ல் ஓரமாக நிறுத்தாதீர்கள், எது பழுதானாலும் பெட்ரோல் பங்க் வரை போய் நில்லுங்கள். கணவாய்களில் போன் சிக்னல் விட்டுப் போகும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் சர் லோரிஸ் கணவாயில் உயரமான வேன் ஆடும், மெதுவாகப் போங்கள்.

பாட்டில்களைக் கோடை வெயிலில் கார் டிக்கியில் விடாதீர்கள், அரை நாளில் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டி ஒன்று வாங்கிப் பின் சீட்டில் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு வரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான் அனுமதி, அதாவது சாதாரண பாட்டில் இரண்டு, மூன்றாவதற்கு வரி கட்ட வேண்டும். துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில், இரண்டு பக்கமும் புடவையோ போர்வையோ அடைத்து வையுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் பார்ல் பக்கச் சாலையோரக் கடையில் ஒரு பெட்டி ஹானபூட் வாங்கி, அதை மட்டும் இங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.